ஓரெழுத்து மனிதர்

எட்டு மொழி பேசிய மனிதருக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு எழுத்து. ‘மா’.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, குணாளனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து, மண்டையைத் திறந்து மூடி, ஒருவழியாக அவர் கண் விழித்தபோது வாயில் முதலில் வந்தது அதுதான். பசித்தாலும் ‘மா’, வலித்தாலும் ‘மா’. பெயரைக் கேட்டாலும் அதே, வருஷத்தைக் கேட்டாலும் அதே. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தொழிலாளர் தீர்ப்பாயத்தில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக நின்ற மனிதர் அவர். மேற்கு வங்காளத்துக் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்ததால் தெலுங்கு, இந்தி, வங்காளம், ஒடியா, பழங்குடி மொழியான சந்தாலி எல்லாம் விளையாட்டுத் திடலிலேயே கிடைத்துவிட்டன. செங்கல் சூளையிலிருந்தோ கட்டட வேலையிலிருந்தோ வடக்கத்திக்காரர் யார் வழக்கோடு வந்தாலும், அவர் வாய் வழியாகத்தான் அது தமிழாகும். அந்த வாயைத்தான் விதி பார்த்து அடித்தது.

அவர் மனைவி வசுமதி அந்த ‘மா’வைத் தன்னைக் கூப்பிடுவதாகவே எடுத்துக்கொண்டாள். வீட்டில் ‘வசும்மா’ என்றுதான் கூப்பிடுவார். முன்பாதி உதிர்ந்து பின்பாதி தங்கிவிட்டது, அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒவ்வொரு ‘மா’வுக்கும் “இருக்கேங்க” என்று பதில் சொன்னாள். பேசத்தான் முடியவில்லை, கூப்பிட முடிகிறதே என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட வந்து சேர்ந்ததுதான் சொல்லி.

சொல்லி என்பது ஓர் இயந்திரம். மீன்வலை போலத் தலையில் மாட்டும் ஒரு தொப்பி, தலைமாட்டில் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. பேச்சிழந்தவர்களின் மூளைக்குள் உருவாகும் வாக்கியத்தைப் படித்து உரக்கச் சொல்லும் என்றார்கள். வசுமதிக்கு இயந்திரம் என்றாலே ஒரு முறைப்பு. இருபது வருஷம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து, கம்பியில் பொருத்திய ஒரு டிக்கெட் டப்பாவிடம் வேலையைப் பறிகொடுத்தவள் அவள்.

“வாய்க்குப் போற ரோடுதாம்மா அடைச்சிருக்கு. ஊர் உள்ள அப்படியே இருக்கு” என்றாள் மிருதுளா. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். சொல்லியைக் குணாளனுக்குப் பழக்கியவளும் அவள்தான். “சார் என்ன சொல்ல நினைக்கிறாரோ அது முழு வாக்கியமா உள்ள இருக்கு. வெளிய வரும்போது ‘மா’ன்னு உடைஞ்சு போகுது. இது உடையறதுக்கு முன்னாடியே புடிச்சிடும்.”

“மனசுல ஓடற எல்லாத்தையுமா சொல்லிடும்?”

“ஐயோ, இல்லம்மா. அப்படிச் சொன்னா ஊர்ல ஒருத்தரும் குடும்பம் நடத்த முடியாது.” மிருதுளா சிரித்தாள். “‘நான்’, ‘என்’, ‘எனக்கு’, ‘என்னை’ன்னு வர்ற வாக்கியத்தை மட்டும்தான் பேசும். மத்ததெல்லாம் சிதறல்னு ஒதுக்கிடும். பழைய ஞாபகம், டிவில கேட்டது, அந்த மாதிரி. பேரும் ஊர்ப்பேரும் இதுக்குப் புடிபடாது. ஆனா ஒண்ணு. ஒரே விருப்பத்தை மூணு அமர்வுல சொல்லிட்டாருன்னா, அது அவர் கையெழுத்துக்குச் சமம். அப்புறம் நீங்களும் மாத்த முடியாது, டாக்டரும் மாத்த முடியாது. சட்டம் அப்படி.”

சட்டம் நல்லெண்ணத்தில் வந்ததுதான். வாய் பேச முடியாதவர்களின் தலையெழுத்தைச் சொந்தக்காரர்கள் எழுதிவிடக் கூடாது என்று கொண்டுவந்தார்கள். குணாளன் விஷயத்தில் அது உடனடியாகத் தேவையாகவும் இருந்தது. அவர் தலைக்குள் இன்னொரு ரத்தக்குழாய் பலூன் போல ஊதியிருந்தது. அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், வெடித்தால் பிழைக்க மாட்டார், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம் என்று டாக்டர் இளவழகன் சொல்லியிருந்தார். நோயாளியின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

முதல் அமர்வு நடந்த அறையில் இரண்டு கட்டில்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. பக்கத்துக் கட்டிலில் சாரத்திலிருந்து விழுந்த ஓர் இளைஞன் கிடந்தான். தாடை உடைந்து பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது கையில் மாவுக்கட்டு. ஒரு கால் நசுங்கியிருந்தது. கட்டில் அட்டையில் ‘ராஜு, இந்தி’ என்று எழுதியிருந்தது. எழுதச் சொன்னவன், தன்னை அவன் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஆப்பிளோடு வந்துபோகும் ஓர் ஆள். பையன் பற்களுக்கு இடையே ஓயாமல் முனகிக்கொண்டிருப்பான். நர்ஸ் தேன்மொழி மொழிபெயர்க்கும் போனை இந்தியில் வைத்து அவன் வாயருகே பிடித்துப் பார்த்தாள். ‘பொருள் இல்லை’ என்று அது கைவிரித்தது. “ஜுரத்துல உளர்றான், பாவம்” என்று போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

மிருதுளா பெட்டியை முடுக்கினாள். குணாளன் கண்களை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு, “மா” என்றார்.

பெட்டியிலிருந்து ஓர் ஆண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், சுத்தத் தமிழில் வந்தது. “என்னை அறுக்க வேண்டாம்.”

வசுமதி அவர் முகத்தருகே குனிந்தாள். தொட்டுக் கூப்பிட்டாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“மா.”

“எனக்கு இங்கே யாரும் இல்லை.”

அவர் இடது கையை இவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாக வேண்டும் என்று ஒரு மனுஷன் நினைப்பதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். விழுந்த கையும் காலும் யாரையும் அப்படி நினைக்க வைக்கும். ஆனால் யாரும் இல்லையாம். மலஜலம் எடுத்து, வாய் துடைத்து, நாள் முழுக்க நாற்காலியில் கிடக்கிறவள் யாராம்?

இரண்டாவது அமர்வு அதைவிட மோசமாகப் போனது.

“மா.”

“இது என் பெயர் இல்லை.”

“மா.”

“என் மகளுக்கு ஆறு வயது. நான் அவளைப் பார்க்க வேண்டும். என்னை அறுக்காமல் ஊருக்கு அனுப்புங்கள்.”

மிருதுளா வசுமதியை நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, அவனுக்கும் கல்யாணம் ஆகி விசாகப்பட்டினத்தில் இருக்கிறான் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

வசுமதி எழுந்து கட்டில் ஓரம் போய் நின்றாள். “யாருங்க அந்தப் பொண்ணு?” என்றாள். குரல் பஸ்ஸில் சில்லறை கேட்கும் குரலாக இருந்தது. “சொல்லுங்க. உங்களுக்கு இன்னொரு பேர் என்ன? எந்த ஊர்? நான் சண்டை போட மாட்டேன், தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

குணாளன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. “மா” என்றார். “மா, மா” என்றார். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

“பார்த்தியா? பதில் இல்ல” என்று வசுமதி மிருதுளாவிடம் சொன்னாள். “கேள்வி கேட்டா மட்டும் மௌன சாமியார்.”

மிருதுளாவுக்கு ஒரு சந்தேகம். வெளியே வராந்தாவில் வசுமதியை உட்காரவைத்துப் போன் திரையைக் காட்டினாள். “அம்மா, சாருக்கு எட்டு மொழி. சொல்லியை நாம தமிழ்ல வச்சிருக்கோம். அவர் வேற மொழியில ‘மா’ சொல்றாரோ என்னவோன்னு நினைச்சேன். தேடிப் பார்த்தேன், பாருங்க. நம்ம தமிழ்லயே மாமரம், மாவு, விலங்கு, குதிரை, பெருசு, நிலத்துல ஒரு அளவு. தெலுங்குல ‘எங்க’. இந்தி, வங்காளத்துல அம்மா. சமஸ்கிருதத்துல ‘வேண்டாம்’. சிங்களத்துல ‘நான்’. அரபில ‘என்ன’, அதையே கொஞ்சம் அழுத்தினா தண்ணி. தாய்லாந்துல ‘வா’. இத்தாலில ‘ஆனா’. ஹங்கேரில ‘இன்னைக்கு’. சீனத்துல குரலை ஏத்தி இறக்கினா அம்மா, குதிரை, திட்டறது எல்லாம் அதே.”

பள்ளிக்கூடத்தில் ஓரெழுத்து ஒருமொழி என்று மனப்பாடம் செய்தது வசுமதிக்கு நினைவு வந்தது. ஒரு மூச்சுச் சத்தத்துக்குள் உலகமே குடித்தனம் வைத்திருக்கிறது. “இத்தனை பேருக்கு இத்தனை அர்த்தம் இருக்கு” என்றாள். “எனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன். அதை உன் பெட்டி புடுங்கிடுச்சு.”

மிருதுளா போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “எல்லா மொழியிலயும் மாத்தி மாத்தி வச்சுப் பார்த்துட்டேம்மா. எதுல வச்சாலும் அதே வாக்கியம்தான் வருது. அந்த ‘மா’வுக்கு அர்த்தமே கிடையாது. கதவைத் தட்டற சத்தம் மாதிரி. உள்ள சொல்ல வந்தது வேற. அது இதான்” என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது அமர்வு வெள்ளிக்கிழமை காலை. இன்னொரு தடவை ‘அறுக்க வேண்டாம்’ என்று வந்துவிட்டால் ஆபரேஷன் இல்லை. பலூன் வெடிக்கும்வரை காத்திருப்பதுதான் மிச்சம். வசுமதி இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்த ஆறு வயதுப் பெண்ணை எங்கிருந்தாலும் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டிவிடுவது. அப்புறம் மனுஷன் இருந்து அனுபவிக்கட்டும். கோபம் இல்லாமலா? ஆனாலும் அவர் சாவதை அவளால் பார்க்க முடியாது.

டாக்டரும் மிருதுளாவும் வசுமதியும் உள்ளே போனபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பையனை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவனுக்கும் அன்றைக்குத்தான் ஆபரேஷன். காலை முட்டிக்கு மேல் எடுத்துவிடலாம் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

டாக்டர் குனிந்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டார். “சார், உங்களுக்கு இந்த ஆபரேஷன் வேணுமா, வேண்டாமா?”

“மா.”

பெட்டி பேசவில்லை. மறுபடியும் கேட்டார். மறுபடியும் ‘மா’. மறுபடியும் மௌனம். மிருதுளா வயர்களைச் சரிபார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

சக்கரச் சத்தம் கேட்டது. பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கட்டிலுக்கு மாற்றும்போது வலித்திருக்க வேண்டும், பற்களுக்கு நடுவே முனக ஆரம்பித்தான். குணாளன் கண்களை மூடினார். தலையை இடப்பக்கம், திரை இருக்கும் பக்கம் சாய்த்தார். முனகல் ஓயும்வரை அசையாமல் இருந்தார். ஓய்ந்ததும், “மா” என்றார்.

“என்னை அறுக்க வேண்டாம்” என்றது பெட்டி.

டாக்டர் பெருமூச்சு விட்டார். “மூணு ஆயிடுச்சு.”

“இருங்க” என்றாள் வசுமதி.

அவள் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கழுத்து சாய்ந்திருந்த சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், வீட்டுக்காரர் என்னதான் வேலை செய்கிறார் என்று பார்க்கத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தாள். அங்கே அவர் கையைக் கட்டி, கண்ணை மூடி, தலையை இப்படியே சாய்த்து நின்றுகொண்டு, கணீரென்று சொன்னார்: “அப்போது நான் ஆறு மாத கர்ப்பமாக இருந்தேன்.” வசுமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வாக்கியம் வந்தது: “மேஸ்திரி என்னை வயிற்றில் உதைத்தார்.” அப்போதுதான் அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒடியாக்காரப் பெண்ணை அவள் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

‘அவங்க சொல்றாங்க’ன்னு சொல்லக் கூடாதா என்று அன்று வீடு திரும்பும்போது கேட்டாள். “கூடாது வசு” என்றார். “அப்படிச் சொன்னா ஜட்ஜ் என்னைப் பார்ப்பார். ‘நான்’னு சொன்னாத்தான் அந்தப் பொண்ணைப் பார்ப்பார். நடுவுல நான் ஒரு ஆளா நிக்கக் கூடாது.” அப்படியானால் உங்களுக்கே தாகம் எடுத்தால் என்ன செய்வீர்கள் என்றதற்குச் சிரித்தார். “‘மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்கிறார்’னு சொல்வேன். அங்க நிக்கற வரைக்கும் ‘நான்’ என்னோடது இல்ல.”

“டாக்டர்” என்றாள் வசுமதி. “இது இவர் பேசறது இல்ல. அந்தப் பையன் பேசறான்.”

யாருக்கும் புரியவில்லை. அவள் திரையைப் படாரென்று ஒதுக்கினாள். பையனின் கண்கள் திறந்திருந்தன. ஜுரக் கண்கள் இல்லை. பயந்த கண்கள்.

“அவன் கிட்ட ஏதாவது கேளுங்க. சந்தாலியில கேளுங்க, இந்தி வேணாம். சாரத்துல ஏத்தற பசங்கள்ல பாதிப் பேர் சந்தாலிக்காரங்கன்னு இவர் சொல்வார். கேட்டுட்டு இவரைப் பாருங்க.”

மிருதுளா தன் போனில் சந்தாலியைத் தேடிப்பிடித்து, ‘உனக்கு என்ன நடந்தது?’ என்று பேசவைத்தாள். போன் பேசியதைக் கேட்டதும் பையன் உடம்பு முழுவதும் ஒருமுறை தூக்கிப்போட்டது. கட்டிய வாய்க்குள்ளிருந்து என்னென்னவோ கொட்டினான். போனுக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. குணாளன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் நிறுத்தினான்.

“மா.”

“நான் சாரத்திலிருந்து விழுந்தேன். எனக்குப் பாதுகாப்புக் கயிறு கட்டவில்லை. நான் வந்து இருபது நாள்தான் ஆகிறது. அவர் என் அண்ணன் இல்லை. அவர் என்னை வேலைக்குக் கூட்டிவந்தவர். கால் போனால் என்னைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். என் காலை அறுக்க வேண்டாம்.”

டாக்டர் பையனின் கட்டில் அட்டையை எடுத்துப் பார்த்தார். அந்தக் காலைக் காப்பாற்ற வழி இருந்தது. மாதக்கணக்கில் ஆகும், நாலைந்து ஆபரேஷன் வேண்டும் என்றதும் அண்ணன்தான் வேண்டாம் என்றிருந்தான்.

“அந்தச் சிதறல் வடிகட்டியை எடுத்துடு” என்றாள் வசுமதி மிருதுளாவிடம். “‘நான்’னு வராதது எல்லாம் கேக்கணும் எனக்கு.”

மிருதுளா எடுத்தாள். வசுமதி கணவர் பக்கம் திரும்பினாள். அவரும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“மா.”

“மொழிபெயர்ப்பாளருக்கு மகள் கிடையாது. ஒரே மகன். மொழிபெயர்ப்பாளர் இதைப் பலமுறை சொல்லிவிட்டார்.”

வசுமதி சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. அவர் மார்பில் தலையை வைத்துக்கொண்டு, “பாவி மனுஷா, பாவி மனுஷா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரெண்டு நாளாக அவள் தின்ற நெருப்புக்கு அந்த வசவு போதாது.

“சார், அப்ப உங்க ஆபரேஷன்?” என்றார் டாக்டர். “சாயங்காலமே செஞ்சுடலாமா?”

“மா.”

“மொழிபெயர்ப்பாளர் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறார். ஆனால் இவருடைய வாக்குமூலம் முடியும்வரை மொழிபெயர்ப்பாளர் இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியாது.”

டாக்டர் பையனின் ஆபரேஷனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவசரமாகப் போனில் யாரிடமெல்லாமோ பேசினார். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் முழு வாக்குமூலம் பதிவானால்தான் அந்த அண்ணனின் காப்பாளர் உரிமை ரத்தாகும். அதுவரை பையனை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக அவனுக்கு உரிமை உண்டு. அதிகாரி நாளைக்குத்தான் வர முடியும் என்றார். சந்தாலி தெரிந்த ஒருவரை வீடியோவில் பிடித்தார்கள். கம்பி கட்டிய வாயிலிருந்து வந்ததில் அவருக்கு ‘கால்’ என்பதற்கு மேல் விளங்கவில்லை. தெருவில் கூடவே விளையாடி வளர்ந்த காதுக்குத்தான் அது விளங்கும் போலிருந்தது.

“ஒரு நாள் தள்ளிப்போடலாம்” என்றார் டாக்டர் வசுமதியிடம். “போடக் கூடாது. பலூன் ஒரு நாள் பொறுக்குமான்னு என்னால சொல்ல முடியாது. அதோட, அந்த இடம் பேச்சுக்குப் பக்கத்துல இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் சொல்லியாலகூடப் படிக்க முடியாமப் போகலாம். அவர் தனக்காகப் பேசினது இதுதான் முதல் அமர்வு, இன்னும் கையெழுத்தாகலை. இப்போதைக்கு முடிவு உங்க கையில.”

வசுமதி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரமாக இவர் வாயிலிருந்து ஒரு சொந்தச் சொல்லுக்குக் காத்திருந்தாள். வந்த சொல்லும் கோர்ட்டைப் பற்றித்தான். பிறவிக் குணத்தை எதை வைத்து மாற்றுவது?

“ஏங்க. இன்னைக்கே வெடிச்சுதுன்னா?”

அவர் இடது கை அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தது.

“மா.”

“மொழிபெயர்ப்பாளருக்குப் பயமாக இருக்கிறது.”

அவ்வளவுதான் சொன்னார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் பையன் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்த பார்வை.

வசுமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம், “நாளைக்கு வச்சுக்கலாம்” என்றாள்.

மறுநாள் காலையில் அதிகாரி வந்தார். குணாளனின் மொழிபெயர்ப்பாளர் பதிவு இன்னும் காலாவதியாகவில்லை, ஆகவே சாட்சியம் செல்லும் என்று ஒப்புக்கொண்டார். கேள்விகள் போன் வழியாகச் சந்தாலியில் போயின. முனகல்கள் திரும்பி வந்தன. ஒவ்வொரு முனகலும் ஒரு ‘மா’வாகி, ஒவ்வொரு ‘மா’வும் நேரான, கனமான தமிழாக மாறிப் பெட்டியிலிருந்து விழுந்தது. அதிகாரி முதலில் பெட்டியைப் பார்த்தார், பிறகு குணாளனைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் பார்வை தானாகப் பையனிடம் போய் நின்றுவிட்டது. அண்ணன் என்றவன் ஆப்பிள் பையோடு வாசல்வரை வந்து, சூழ்நிலையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே காணாமல் போனான்.

கடைசியில், “மொழிபெயர்ப்பாளரின் வேலை முடிந்தது” என்றது பெட்டி. அரை மணி நேரத்தில் அவரை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் ‘மா’ போய்விட்டது. தொப்பியை மாட்டி மிருதுளா ஒரு வாரம் முயன்றாள். பெட்டிக்கு எதுவும் எட்டவில்லை. “உள்ள இருக்காரும்மா, கண்டிப்பா இருக்கார்” என்றாள். “ஆனா எனக்கு வழி தெரியல.” மண்டையைத் திறக்கும் முன்பே ரத்தக்குழாய் லேசாகக் கசிந்திருந்தது என்றும், எப்போது கசிய ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் மென்று விழுங்கிச் சொன்னார். வசுமதி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் அந்த ஒரு நாளுக்கு அவள் பெயர் வந்துவிடும்.

பக்கத்துக் கட்டிலைப் பார்க்கவே பிடிக்காத நாட்கள் அவளுக்கு இருந்தன. அதை மறைப்பானேன்? அவன் காலில் இரும்புக் கம்பிகளைக் கோத்து வைத்திருந்தார்கள், விரல்கள் அசைய ஆரம்பித்திருந்தன. அந்த அசைவுக்குக் கொடுத்த விலை இந்தப் பக்கம் கிடந்தது. தாடைக் கம்பியை எடுத்ததும் அவன் முதலில் தன் பெயரைச் சொன்னான். சுனாராம் ஹெம்ப்ரம். போனில் மகளின் முகம் பார்த்து நாள் முழுக்க அழுதான். ஊர் திரும்பலாம், வண்டி ஏற்பாடு செய்கிறோம் என்றபோது, கால் ஆறட்டும் என்று சொல்லி அதே கட்டிலில் இருந்துகொண்டான். வார்டில் கேட்ட தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சேர்த்தான். வேறு வேலை இல்லாதபோதெல்லாம் குணாளனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஒருநாள் மத்தியானம், நர்ஸ் தேன்மொழி மருந்து வண்டியோடு வந்தபோது, சுனாராம் கண்களை மூடிக்கொண்டு, “எனக்கு முதுகு வலிக்குது” என்றான்.

“இரு தம்பி, திருப்பிப் படுக்க வைக்கிறேன்” என்று அவள் அவன் கட்டிலை நோக்கிப் போனாள்.

வசுமதி நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தன் கணவர் இருக்கும் பக்கம்.

“அங்க இல்ல சிஸ்டர்” என்றாள். “பேசறது எங்க வீட்டுக்காரர்.”

தேன்மொழி முழித்தாள். இருவருமாகக் குணாளனைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். முதுகுக்குக் கீழே ஊசியின் பிளாஸ்டிக் மூடி ஒன்று கிடந்து, தோலில் ஆழமாகச் சிவந்து பதிந்திருந்தது. அதை எடுத்து, எண்ணெய் தடவி, தலையணை வைத்து மறுபடி சாய்த்தார்கள். குணாளன் மூச்சை நீளமாக விட்டார்.

வசுமதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுனாராமைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, ஆனால் பார்க்கவில்லை. பேசுகிறவரைத்தான் பார்க்க வேண்டும். கணவரின் கண்களையே பார்த்து, “வேற என்னங்க வேணும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.